தங்கபாயின் தட்டு

அண்டி ஆபீசில் நாள் கூலி கேட்டு மனுக் கொடுத்தவள் சுனிதா. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததற்கெல்லாம் ஊரில் ஆளுக்கொரு பேரைச் சொன்னார்கள். சிலர் மேனேஜர் ராஜகுமாரைத் திட்டினார்கள், சிலர் லேபர் ஆபீசரைத் திட்டினார்கள், பேப்பர் படிக்கிறவர்கள் சர்க்காரைத் திட்டினார்கள். சுனிதா மட்டும் தன்னைத் தவிர வேறு யாரையும் திட்டவில்லை.

ஆபீஸ் என்றதும் மின்விசிறிக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்கிற இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகிற வழியில், ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட்டுகள் அவை. முந்திரிக்கொட்டையை வேகவைத்து, உடைத்து, பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் தோலை உரித்து, தரம் பிரித்து, டின்னில் அடைக்கிற வேலை. கொட்டைக்கு இங்கே அண்டி என்று பேர். முதலாளி கொல்லத்துக்காரர். அங்கே கூலி கூடியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர் என்பார்கள்.

தோலுரிக்கும் ஷெட்டில் பெண்கள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு அலுமினியத் தட்டு, ஆளுக்கொரு சின்னக் கத்தி. உரித்த பருப்புக்குக் கிலோக் கணக்கில் கூலி. பருப்பு பதமாக வந்தால் கை ஓடும், கூலியும் வரும். தோல் ஒட்டிக்கொண்டு வந்த நாளில் முதுகு ஒடிய உரித்தாலும் மீன் வாங்கத் தேறாது.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் எடை போடுவதற்கு முன்னால், கை ஓடுகிறவர்கள் ஆளுக்கொரு பிடி பருப்பை, கை ஓடாதவளின் தட்டில் போட்டுவிடுவார்கள். பிள்ளைத்தாச்சி, காய்ச்சல்காரி, கண் மங்கியவள், யாராக இருந்தாலும் சரி. கேட்டு வாங்குவதும் கிடையாது, கொடுத்துவிட்டுச் சொல்லிக் காட்டுவதும் கிடையாது. சி.எஸ்.ஐ. சபைப் பெண்கள் சோறு பொங்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள் அல்லவா, அந்தப் பிடியரிசியின் பேரிலேயே இதையும் 'பிடி போடுவது' என்றார்கள். தேங்காப்பட்டணத்திலிருந்து வரும் ஜுஹைனா சர்ச் வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் அவள் போடும் பிடிதான் வரிசையிலேயே பெரிய பிடி.

அதிகம் பிடி வாங்கியவள் தங்கபாய். சுனிதாவின் அண்ணன் ஞானதாசனின் மனைவி. வயசுக் காலத்தில் அண்டி உடைக்கும் ஷெட்டில் இருந்தவள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் காய்த்து மரத்துப்போயிற்று. தோல் எங்கே முடிகிறது, பருப்பு எங்கே தொடங்குகிறது என்று அந்த விரல்களுக்குத் தெரியாது. முழுப் பருப்பைக் கையிலெடுத்தால் பாதி நேரம் பிளவாகத்தான் தட்டில் விழும். அவள் வேலைக்கு வராமல் இருந்துவிடலாம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஞானதாசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த மனிதன் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் படுக்க வேண்டும். மெஷினுக்கு ஆகிற செலவைத் தங்கபாயின் ஈ.எஸ்.ஐ. கார்டு பார்த்துக்கொண்டது. அவள் பேர் ஆபீஸ் ரோலில் இருக்கிற வரைக்கும் கார்டு, கார்டு இருக்கிற வரைக்கும் மெஷின், மெஷின் இருக்கிற வரைக்கும் ஞானதாசன். இவ்வளவுதான் கணக்கு. இதைப் புரிந்துகொள்ள யாரும் படித்திருக்க வேண்டியதில்லை.

சுனிதா பிளஸ் டூ வரை படித்தவள். சர்க்கார் முந்திரித் தொழிலுக்குக் குறைந்தபட்ச நாள் கூலி நிர்ணயித்திருக்கிறது என்றும், கிலோக் கணக்கில் உரித்தாலும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவளுக்கு அதற்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்றும் சங்கத்து வக்கீல் ஒரு கூட்டத்தில் சொன்னார். சுனிதாவின் புத்தி நேரே மயினியிடம்தான், அண்ணன் மனைவி தங்கபாயிடம்தான் போயிற்று. நாள் கூலி வந்துவிட்டால் விரல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மயினிக்கும் அதே கூலி. அவள் ஒருவர் கையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஷெட் முழுக்க நடந்து கையெழுத்து வாங்கினாள். பயந்தவர்களிடம் மன்றாடினாள். நாகர்கோவில் லேபர் ஆபீசுக்கு ஐந்தாறு முறை பஸ் ஏறினாள்.

ஓணம் கழிந்த பிறகு லேபர் ஆபீசர் நேரே வந்தார். நடுவயதுப் பெண்மணி, நல்ல மாதிரி. பெண்கள் கழிப்பிடத்தைப் பார்த்துவிட்டு ராஜகுமாரைக் கேட்ட கேள்வியில் அவன் முகம் சுண்டிப்போனது. கூலி விஷயத்தில் அந்தம்மாள் கறாராக இருந்தார். நாள் கூலி கொடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை என்றார். ராஜகுமார் உடனே தலையாட்டினான். அவன் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதிலேயே சுனிதாவுக்குச் சந்தேகம் தட்டியது.

கூலி கொடுக்கிறோம் மேடம், ஆனால் எட்டு மணி நேரக் கூலிக்கு எட்டு மணி நேர வேலை எவ்வளவு என்று தெரிய வேண்டாமா என்று கேட்டான் அவன். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. சில பேரை உட்கார வைத்து, அவர்கள் ஒரு நாளில் எவ்வளவு உரிக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்த்து, சராசரி எடுத்து, அதை அளவாக வைப்பது என்று முடிவாயிற்று. கெட்டிக்காரிகளை மட்டும் பொறுக்கி உட்கார வைத்துவிடுவான் என்று சுனிதாவுக்குத் தெரியும். அதனால் ஆபீசரிடம் முந்திக்கொண்டு சொன்னாள்.

"மெதுவா செய்யியவங்களையும் வைக்கணும் மேடம். அப்பதான் நேரான அளவு கிட்டும்."

ஆபீசர் சரி என்றார். ராஜகுமார் ஷெட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். ஆபீசிலேயே மெதுவான கை வேண்டுமென்றால் தங்கபாய் இருக்கிறாளே, அவளையே வைத்துக்கொள்ளலாம் என்றான். சுனிதா கேட்டதைத்தான் அவன் கொடுத்தான். அவளால் மறுக்க முடியவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் சுனிதா வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னாள். நாளைக்கு யாரும் பறக்க வேண்டாம், எப்போதும் போல உரித்தால் போதும். முக்கியமாக, யாரும் யாருக்கும் பிடி போட வேண்டாம், மெதுவான தட்டும் நிறைந்துவிட்டால் அளவு ஏறிவிடும். எல்லோரும் சரி என்றார்கள். சரி என்றுதான் நினைத்தார்கள்.

மறுநாள் அளக்கப்படுகிறவர்கள் தங்கள் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஆபீசர் நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். ராஜகுமார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்கபாயின் கை எப்போதும் போல ஓடுமா?  எடுத்ததெல்லாம் உடைந்தது. மற்றவர்கள் தட்டில் பருப்பு மேடு தட்டிக்கொண்டிருக்க, அவள் தட்டில் அடி தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வரிசையில் எல்லோருக்கும் ஒரே பயம்தான். அளவு கிளவு எல்லாம் பிறகு. இவ்வளவுதான் இவள் வேலை என்று எடைக்கல் சொல்லிவிட்டால், நாளைக்கே ராஜகுமார் இவளை அனுப்பிவிடமாட்டானா?

மூன்று மணிக்குத் தேயிலை குடிக்க ஆபீசரை ராஜகுமார் அழைத்துக்கொண்டு போனான். அவனும் ஷெட்டை விட்டுப் போனது தற்செயலா என்று சுனிதா பிற்பாடு ரொம்ப நாள் யோசித்தாள். அப்போது யோசிக்கவில்லை. மயினியின் தட்டைப் பார்த்தாள். யாரும் போட வேண்டாம் என்று சொன்ன வாய் தன்னுடையது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நான் ஒருத்தி மட்டும், ஒரே ஒரு பிடி, அதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தாள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து, தன் தட்டிலிருந்து அள்ளியதைப் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போனாள்.

ஜுஹைனாவும் நான் ஒருத்தி மட்டும் என்றுதான் நினைத்தாள். அதே வரிசையில் இருந்த ஜாஸ்மியும் அப்படித்தான் நினைத்தாள். அந்த ஷெட்டில் அன்றைக்கு, அளவில் சேராதவர்கள் உட்பட, ஒருவர் விடாமல் எல்லோருமே நான் ஒருத்தி மட்டும் என்று நினைத்தார்கள்.

எடை போட்டார்கள். கெட்டிக்காரிகளின் தட்டுக்கும் தங்கபாயின் தட்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆபீசரே ஆச்சரியப்பட்டுப் போனார். தங்கபாயின் தோளைத் தொட்டு, மெதுவான கை என்று சொன்னார்களே அம்மா, நீங்கள் யாருக்கும் குறைந்தவர் இல்லை என்றார். தங்கபாய் சிரித்தாள். வெட்கமும் சந்தோஷமுமாக அப்படி அவள் சிரித்து சுனிதா பார்த்ததில்லை. ராஜகுமார் அந்த எடையை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். அவனும் அந்த ஆபீசில் இருபது வருஷம் இருக்கிறவன். பிடி போடுகிற வழக்கம் அவனுக்குத் தெரியாது என்று நம்ப சுனிதா தயாராயில்லை.

ஆபீசர் சுனிதாவைக் கூப்பிட்டார். தொழிலாளர் பிரதிநிதி நீதான், இந்த அளவில் ஆட்சேபம் ஏதாவது உண்டா என்று கேட்டார். வாயைத் திறந்தால் தட்டின் கதை வெளியே வரும். சர்க்கார் ஆபீசர் கண்ணிலேயே மண்ணைத் தூவினார்கள் என்று தங்கபாயை அந்த நிமிஷமே ராஜகுமார் வெளியே தள்ளிவிடுவான். பிடி போட்டவர்களும் தப்பமாட்டார்கள். வாயைத் திறக்காவிட்டால் ஷெட்டிலிருக்கும் அத்தனை பேரின் தலையிலும் அந்த அளவு ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுனிதா மயினியைப் பார்த்தாள். மயினி இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆட்சேபம் இல்லை மேடம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

கூலி ஏறியது. அதை மறைக்கக் கூடாது. அந்த ஆபீசில் அதுவரை யாரும் கண்டிராத கூலி. ஜுஹைனா பாங்கில் அடகு வைத்திருந்த வளையலைத் திருப்பினாள். ஜாஸ்மி மகளை ஸ்கூல் வேனில் அனுப்பத் தொடங்கினாள். சட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அளவு முடிக்கிறவளுக்குத்தான் அந்தக் கூலி. அளவு முடிக்காத நாள் கூடக்கூட எச்சரிக்கை வரும், எச்சரிக்கை கூடினால் ரோலில் பேர் போகும். ஷெட்டில் பேச்சு நின்றது. பாட்டு நின்றது. மூத்திரத்துக்கு எழுந்தால் நேரம் போகும் என்று தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். நீர்க்கடுப்பு வராத பெண் இல்லை. பால் கட்டிக்கொண்ட மார்போடு உட்கார்ந்து உரித்த பிள்ளைப்பெற்றவளைச் சுனிதா பார்த்தாள். தன் தட்டு நிறையுமா என்கிற கவலையில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் நேரம் இல்லாமல் குனிந்துகொண்டாள்.

தொடக்கத்தில் தங்கபாய்க்குப் பிடி விழுந்துகொண்டுதான் இருந்தது. பிறகு பிடி சின்னதாயிற்று. பிறகு நாலைந்து பருப்பு ஆயிற்று. கிறிஸ்மஸ் கழிந்ததும் அதுவும் நின்றது. யாரும் வஞ்சகமாக நிறுத்தவில்லை. கொடுக்கக் கையில் மிச்சம் இல்லை. சுனிதா மட்டும் தன் அளவை முடித்த பிறகு மயினிக்காக உரித்தாள். அவளுடைய விரலும் இரும்பில்லை. இரண்டு தட்டையும் நிரப்பப் போய் இரண்டுமே குறைந்த நாள்கள் வந்தன. எச்சரிக்கை அவள் பேருக்கும் வந்தது. அன்றிலிருந்து தன் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வெளிநாட்டுக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்த புருஷன். ஆனாலும் அது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் வயசான மூன்று பேர் போனார்கள். அதற்கடுத்துத் தங்கபாய். ராஜகுமார் கோபமே படவில்லை. சேச்சி, நீங்கள் வீட்டிலிருந்தே உரியுங்கள், மூட்டையை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறோம், பழையபடி கிலோக் கணக்கில் காசு என்று தன்மையாகத்தான் சொன்னான். வீட்டில் உரிக்கிறவளுக்கு அளவு கிடையாது, நாள் கூலி கிடையாது, கார்டும் கிடையாது. சட்டம் ஆபீஸ் கேட்டோடு நின்றுவிடும். மூட்டை அதைத் தாண்டிப் போய்விடும்.

கார்டு உடனே போய்விடாது, கட்டின பணத்துக்கு இன்னும் சில மாதம் ஓடும், ஜூன் முடிகிற வரைக்கும் என்றார்கள். சுனிதா ஈ.எஸ்.ஐ. கவுண்டருக்குப் போய், தன்னுடைய கார்டில் அண்ணன் பேரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். புருஷன், பிள்ளைகள், பெற்றோர், இவர்களைத்தான் சேர்க்கலாம், கூடப்பிறந்தவர்களுக்கு இடம் இல்லை என்றார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மெஷின் இலவசம். ஆனால் ஆள் அதிகம். வாரத்தில் ஒரு நாள் தருகிறோம், மற்ற நாளுக்கு இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்று பேரை எழுதிக்கொண்டார்கள். இடம் எப்படிக் காலியாகும் என்று ஞானதாசன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

மே மாதத்தில் சுனிதாவால் தாங்க முடியவில்லை. மத்தியானச் சோற்று நேரத்தில் வரிசையைக் கூட்டி உட்கார வைத்துச் சொன்னாள். எல்லோரும் சேர்ந்து லேபர் ஆபீசில் உள்ளதை எழுதிக் கொடுப்போம். அளவெடுத்த நாளில் அந்தத் தட்டில் இருந்தது ஒருத்தியின் உரிப்பு இல்லை என்று சொல்வோம். திரும்ப அளக்கட்டும். நியாயமான அளவு வந்தால் மயினியைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், நம்முடைய முதுகும் கொஞ்சம் நிமிரும்.

பெண்கள் சோற்றுப் பாத்திரத்தை மூடத் தொடங்கினார்கள். கடைசியில் ஜுஹைனாதான் பேசினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் உடையவில்லை.

"நீ எழுதிக் குடு சுனிதா, நான் தடுக்கல்ல. எனக்க பேரச் சேக்காத. ஏமாத்தினோம்னு எழுதிக் குடுத்தா அவன் எல்லாரையும் வெளிய விட்டுட்டு இந்த ஷெட்டையே பூட்டுவான். மூட்டையெல்லாம் வீட்டுக்குத்தான் போவும். அவன் காத்துட்டு இருக்கதே அதுக்காக்கும்."

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் சுனிதாவுக்கு அவள்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக நாகர்கோவிலுக்குப் போனாள். லேபர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றாள். உள்ளே போனால் முதலில் தன் வேலை போகும், பிறகு மற்றவர்களுடையது போகும். மயினியின் வேலை திரும்ப வரும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. திரும்பி பஸ் ஏறினாள். வழியெல்லாம் தன்னைத்தானே பழித்துக்கொண்டாள்.

நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள். முன்னறையில் சாக்கை விரித்துத் தங்கபாய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஞானதாசனும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மெல்ல மெல்ல. சுனிதா சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். தட்டில் முதல் பிடி போட்டது தான், ஆபீசர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டதும் தான், இன்றைக்கு வாசல் வரை போய்த் திரும்பி வந்ததும் தான் என்றாள்.

தங்கபாய் கத்தியைக் கீழே வைத்தாள். தட்டு நிறைந்தது எனக்குத் தெரியாதா மக்கா என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் என் வேலையை நல்ல வேலை என்று சொன்னாள், அதை நான் இல்லை என்று சொல்லவா என்று கேட்டாள். பிறகு கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஞானதாசன் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ அன்னைக்கி வாயத் தொறந்திருந்தா அன்னைக்கே இவளுக்க சீட்டக் கிழிச்சிருப்பான். கார்டு கிறிஸ்மசுக்கு மின்னயே தீந்திருக்கும். நான் ஒரு கிறிஸ்மஸ் கூடுதலா கண்டுட்டேன் சுனிதா. அதுக்க வெலய அந்தப் பெண்டுகளுக்க முதுகுல ஏத்தியாச்சு. இனி அவிய வயித்துலயும் அடிக்காத. எழுதிக் குடுக்கண்டாம்."

அவன் அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னானோ, மன்னித்துச் சொன்னானோ, தெரியாது. சுனிதாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்டதற்குப் பதிலாக ஒரு அறை வாங்கியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஜூன் முடிந்தது. கார்டில் கடைசி முறை மெஷினில் படுத்து வந்த மூன்றாம் நாள், வழக்கமான முறை நாளில், காலையில் வேலைக்குப் போகிற வழியில் சுனிதா அண்ணன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரி முறைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஞானதாசன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எங்கே கிளம்பியிருக்கிறாய் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்த நேரத்துக்கு வழக்கமாக வரும் ஆட்டோ வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுகிறவன் வினோஜ். யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

தங்கபாய் வாசலுக்குப் போய், இனி வரண்டாம் மக்கா என்று சொன்னாள். அவன் புரியாமல், அப்போ எப்ப வரட்டு என்று கேட்டான். அவள் உள்ளே திரும்பி வந்தாள். ஞானதாசன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, மூச்சு வாங்க அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சுனிதா அவன் பக்கத்தில் உட்கார நினைத்தாள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருக்க நினைத்தாள். அதற்குள் ஆபீசில் முதல் சங்கு ஊதியது. பிந்தி உட்கார்ந்தால் அன்றைய அளவு முடியாது. அவள் பேருக்கு இனி ஒரு எச்சரிக்கை வந்தால் அதுவே கடைசி.

போயிட்டு வாரேன் அண்ணே என்று வாசலில் நின்றே சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.